வரைபடத்தில் இருந்த பாறை: பட்டாவியா கப்பல், 1629

1629 ஜூன் 4. விடிய இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது. பட்டாவியா என்ற டச்சுக் கப்பல் பாய்களை விரித்தபடி ஓடிவந்து, ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரைக்குச் சுமார் 60 கிலோமீட்டர் அப்பால் ஒரு பவளப்பாறைத் திட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டது. ஆம்ஸ்டர்டாமில் புதிதாகக் கட்டிய கப்பல். அதன் முதல் பயணமே அதுதான். கப்பலில் சுமார் 340 பேர் இருந்தார்கள். மாலுமிகள், படைவீரர்கள், டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் வணிகர்கள், மனைவி மக்களோடு வந்த ஒரு பாதிரியார், கணவனிடம் போய்ச் சேரப் புறப்பட்ட பெண்கள், குழந்தைகள். சரக்கோடு சரக்காக வெள்ளி நாணயம் நிறைந்த 12 பெட்டிகள்.

இந்தக் கப்பலைப் பற்றிப் பேசுகிறவர்கள் அதன் பிறகு தீவுகளில் நடந்த கொலைகளைப் பற்றித்தான் பெரும்பாலும் பேசுகிறார்கள். அதைச் சொல்லாமல் விட முடியாது, இங்கும் சொல்கிறேன். ஆனால் எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது வேறொன்று. கப்பல் மோதிய பாறை யாரும் அறியாத பாறை இல்லை. பத்து ஆண்டுகளுக்கு முன்பே பார்த்து, பெயர் வைத்து, கம்பெனியின் வரைபடத்தில் குறித்தாகிவிட்டது. அன்றிரவு தெரியாமல் போனது கப்பல் எங்கே இருக்கிறது என்பதுதான். தென் கண்டத்தின் மேற்குக் கரை ஐரோப்பியருக்குத் தெரியவந்ததும் இதே குறையால்தான். அந்தக் கரையைத் தேடிப் போனவர்கள் மிகக் குறைவு. கணக்குத் தவறி அதன்மேல் போய் நின்றவர்களே அதிகம்.

வடகரையின் கதை சற்று வேறு. 1605 நவம்பரில் வில்லெம் யான்ஸோன் டைஃப்கென் என்ற சிறு கப்பலில் ஜாவாவின் பாந்தம் துறைமுகத்திலிருந்து புறப்பட்டு, நியூகினியாப் பக்கம் என்ன கிடைக்கும் என்று பார்க்கவே போனார். 1606-இல் கேப் யார்க் தீபகற்பத்தின் கரையை அடைந்தார். ஐரோப்பியர் ஆஸ்திரேலிய மண்ணில் இறங்கியதற்கு நமக்குக் கிடைக்கும் முதல் பதிவு அதுதான். மேற்குக் கரைக்கு அப்படி யாரும் அனுப்பப்படவில்லை. அங்கே கப்பல்களைக் கொண்டுபோய்ச் சேர்த்தது ஒரு வணிகப் பாதை.

பிரௌவரின் பாதை

நெதர்லாந்திலிருந்து ஜாவாவுக்குப் போகும் கப்பல்கள் முதலில் போர்ச்சுகீசியர் வழியையே பிடித்தன. நன்னம்பிக்கை முனையைச் சுற்றி, ஆப்பிரிக்கக் கரையோரம் மேலேறி, இந்தியப் பெருங்கடலைக் குறுக்காகக் கடப்பது. காற்று ஓய்ந்துபோகும் வெப்பக்கடலில் வாரக்கணக்கில் நிற்க வேண்டியிருக்கும். தண்ணீர் கெடும், ஆட்கள் சாவார்கள். போய்ச் சேர ஓர் ஆண்டுகூட ஆகிவிடும்.

1611-இல் ஹெண்ட்ரிக் பிரௌவர் வேறு வழியைப் பார்த்தார். முனையிலிருந்து வடக்கே ஏறாமல் தெற்கே இன்னும் இறங்கி, 35 முதல் 40 பாகை வரையிலான தென் அட்சரேகைகளில் ஓயாமல் அடிக்கும் மேல்காற்றைப் பிடித்தார். அந்தக் காற்று கப்பலைக் கிழக்கே தள்ளிக்கொண்டே போகும். போதுமான தூரம் போனதும் வடக்கே திரும்பினால் ஜாவாவுக்கும் சுமாத்ராவுக்கும் நடுவே உள்ள சுந்தா நீரிணை. குளிர்ந்த கடல் என்பதால் உணவும் தண்ணீரும் சீக்கிரம் கெடுவதில்லை. பயண நாட்கள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தன. கம்பெனிக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? சில ஆண்டுகளில் எல்லாக் கப்பல்களுக்கும் இதுவே கட்டாயப் பாதை ஆனது. முனையிலிருந்து குறைந்தது 1,000 டச்சு மைல் கிழக்கே போ, பிறகு வடக்கே திரும்பு என்பது உத்தரவு.

ஒரு டச்சு மைல் சுமார் 7.4 கிலோமீட்டர். 1,000 மைல் என்றால் 7,400 கிலோமீட்டர். நன்னம்பிக்கை முனையிலிருந்து அந்த அட்சரேகைகளில் அவ்வளவு தூரம் போனால், ஏறக்குறைய 101 அல்லது 102 பாகை கிழக்குத் தீர்க்கரேகையில் நிற்போம். பட்டாவியா மோதிய பாறை 114 பாகையை ஒட்டி இருக்கிறது. ஆக, திரும்ப வேண்டிய இடத்துக்கும் பாறைக்கும் நடுவே ஆயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர் இடைவெளி. பார்க்கப் பெரிய இடைவெளிதான். ஆனால் 7,400 கிலோமீட்டர் ஓட்டத்தில் நூற்றுக்குப் பதினாலு தவறினால் அது முழுவதும் கரைந்துவிடும்.

அந்தத் தவறு நேர்வது எளிது. அட்சரேகையை அளப்பதில் அக்கால மாலுமிகள் கெட்டிக்காரர்கள். நடுப்பகல் சூரியனின் உயரத்தை அளந்து, அட்டவணையைப் பார்த்து, வடக்கு தெற்காக எங்கே இருக்கிறோம் என்று ஓரளவு சரியாகவே சொல்லிவிடுவார்கள். கிழக்கு மேற்குக்கு அப்படி ஒரு கருவி கிடையாது. பூமி மணிக்கு 15 பாகை சுழல்கிறது. அதாவது ஒரு பாகைக்கு நான்கு நிமிடம். புறப்பட்ட ஊரின் நேரம் துல்லியமாகத் தெரிந்தால் தீர்க்கரேகையும் தெரியும். கடலில் அந்த நேரத்தைக் காட்டும் கடிகாரம் வர இன்னும் 130 ஆண்டுகள் ஆயின. அதுவரை கப்பலின் வேகத்தை உத்தேசமாக மதித்து, எத்தனை மணி நேரம் எந்தத் திசையில் ஓடினோம் என்று கூட்டிக்கொண்டே போவதுதான் வழி. இரவு பஸ்ஸில் ஜன்னலை மூடிக்கொண்டு, கைக்கடிகாரத்தை மட்டும் பார்த்து எந்த ஊர் வந்திருக்கும் என்று சொல்வதைப் போன்றது அது.

இதில் ஒரு சிக்கலும் உண்டு. மிதக்கும் ஒரு துண்டைத் தண்ணீரில் போட்டு, அது கப்பலைக் கடந்து பின்னே போக எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்த்தால், தண்ணீரோடு ஒப்பிட்ட வேகம்தான் கிடைக்கும். அந்தத் தென்கடலில் தண்ணீரே கிழக்கு நோக்கி ஓடுகிறது. கப்பல் ஓடியதைக் கணக்கில் எழுதலாம்; கடல் தூக்கிக்கொண்டு போனதை எழுத முடியாது. அதனால் பிழை இரு பக்கமும் சமமாக விழாமல், பெரும்பாலும் கிழக்கே, அதாவது பாறை இருக்கும் பக்கமாகவே விழுந்தது.

மேற்கே தவறுவதும் கப்பல் தலைவர்களுக்குப் பயம்தான். சீக்கிரம் திரும்பிவிட்டால், வடக்கே தென்கிழக்குக் காற்று கப்பலை மேற்கே தள்ளி, சுந்தா நீரிணையைத் தவறவிட்டுச் சுமாத்ராவின் மறுபக்கம் கொண்டுபோய்விடும். ஆகவே கொஞ்சம் அதிகமாகக் கிழக்கே போவதே பாதுகாப்பு என்ற எண்ணம் இருந்தது. காரணமுள்ள எண்ணம்தான்.

1616-இல் இந்தப் பாதையில் வந்த ஐந்தராக்ட் கப்பல், எதிர்பாராமல் ஒரு தீவை அடைந்தது. அக்டோபர் 25 அன்று அதன் தலைவர் டிர்க் ஹார்டோக் கரையிறங்கி, ஒரு வெள்ளீயத்தட்டைத் தட்டிச் சமப்படுத்தி, கப்பலின் பெயரையும் தேதியையும் முக்கியமானவர்கள் பெயரையும் பொறித்து, ஒரு கம்பத்தில் ஆணியடித்து வைத்துவிட்டு வடக்கே போனார். ஐரோப்பியர் விட்டுப்போனவற்றில் ஆஸ்திரேலியாவில் கிடைத்த மிகப் பழைய எழுத்து அது. இன்று ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அந்தத் தட்டில் புதிய நாடு கண்டோம் என்று ஒரு சொல் இல்லை. இந்தக் கப்பல் இங்கே வந்தது, இன்ன நாள் பாந்தத்துக்குக் கிளம்பியது, அவ்வளவுதான். வந்தவர்களுக்கு அது வழியில் குறுக்கிட்ட நிலம். அங்கே ஆயிரமாயிரம் ஆண்டுகளாக மக்கள் வாழ்ந்துவந்தார்கள் என்பது அவர்கள் நினைவில் ஏறவே இல்லை.

ஹௌட்மன் சொல்லி வைத்தது

1619-இல் ஃப்ரெடெரிக் டி ஹௌட்மன் இரண்டு கப்பல்களோடு வந்தார். கரையைக் கண்டு வடக்கே போகும்போது 28 பாகைக்குச் சற்றுத் தெற்கே, தாழ்ந்த தீவுகளும் சுற்றிலும் பாறைகளுமாக ஒரு பகுதியில் மாட்டிக்கொள்ள இருந்து தப்பினார். ஹௌட்மன் சாதாரண ஆள் இல்லை. சுமாத்ராவின் ஆச்சேயில் சிறையிருந்த காலத்தில் மலாய் மொழியைக் கற்று அகராதி எழுதியவர், தென்வானத்து விண்மீன்களை அளந்து பட்டியல் போட்டவர். கண்டதைக் கம்பெனி இயக்குநர்களுக்கு எழுதினார். அந்தத் தீவுகள் அவர் பெயராலேயே ஹௌட்மன் அப்ரோலோஸ் ஆயின. கம்பெனியின் வரைபடக்காரர் ஹெஸ்ஸல் கெரிட்ஸ், திரும்பி வந்த மாலுமிகளின் குறிப்பேடுகளைச் சேர்த்து 1627-இல் போட்ட வரைபடத்திலும் அவை ஏறின.

அந்த வரைபடம் இந்த வழக்கின் முக்கியச் சாட்சி. ஒவ்வொரு கப்பலும் கண்ட துண்டு நிலம் ஒவ்வொரு பெயரில் இருக்கும், நடுவே வெற்றிடம். கோடு எங்கெல்லாம் தெளிவாக இருக்கிறதோ அங்கெல்லாம் ஒரு கப்பல் கணக்குத் தவறியிருக்கிறது. அட்சரேகை ஓரளவு சரி. தீர்க்கரேகை, வந்தவர்கள் கணக்கிட்ட தீர்க்கரேகை. பாறையின் இடமும் உத்தேசம், அதை நோக்கி வரும் கப்பலின் இடமும் உத்தேசம். இரண்டு உத்தேசங்களுக்கு நடுவே எவ்வளவு தூரம் என்று யாராலும் சொல்ல முடியாது.

ஆனால் 28 பாகையை நெருங்கும்போது இரவில் பாயைக் குறைத்து, ஆழம் பார்த்துக்கொண்டே போக வேண்டும் என்பதற்கு இந்தத் தகவல் போதும். பட்டாவியாவில் அது நடக்கவில்லை. காரணம், இன்னும் வெகு தூரம் இருக்கிறது என்று நம்பினார்கள்.

அந்த இரவு

கப்பலுக்குள் நிலைமையும் நன்றாக இல்லை. கம்பெனிக் கப்பல்களில் மாலுமித் தலைவருக்கு மேலே வணிகர் ஒருவர் இருப்பார். இறுதி வார்த்தை அவருடையது. பட்டாவியாவில் அந்த வணிகர் பிரான்சிஸ்கோ பெல்சர்ட். ஆக்ராவில் ஏழாண்டு இருந்து முகலாய நாட்டைப் பற்றி விரிவாக அறிக்கை எழுதியவர். முகலாய அரசவையில் விற்பதற்கென்றே வெள்ளிப் பாத்திரங்களும் ஒரு பழைய ரோமானியச் சிற்பக் கல்லும் இந்தக் கப்பலில் அவர் பொறுப்பில் வந்தன. கப்பலை ஓட்டுபவர் ஆரியன் யாகோப்ஸ். இருவருக்கும் சூரத்திலேயே பகை மூண்டிருந்தது. நன்னம்பிக்கை முனையில் குடித்துவிட்டு மற்றக் கப்பல்களில் தகராறு செய்ததற்காக யாகோப்ஸைப் பெல்சர்ட் கண்டித்தார், பகை முற்றியது. பிறகு பெல்சர்ட் நோயில் படுத்தார். மே மாதம் லுக்ரேசியா யான்ஸ் என்ற பயணியை முகமூடியிட்ட ஆட்கள் தாக்கி அவமானப்படுத்தினார்கள். கப்பலைக் கைப்பற்றும் சதியின் ஒரு பகுதி அது என்று பெல்சர்ட் பிற்பாடு எழுதினார்.

ஜூன் 4 அதிகாலைக் காவலில் இருந்தவர் யாகோப்ஸ். தூரத்தில் வெள்ளையாக நுரை தெரிந்தது. பெல்சர்ட் தன் குறிப்பேட்டில் எழுதிவைத்தபடி, யாகோப்ஸின் தரப்பு இதுதான்: நான் தூங்கவில்லை, வெள்ளையாகத் தெரிந்ததைப் பார்த்தேன், கூட இருந்த பீரங்கிக்காரர் ஹான்ஸிடம் அது என்னவென்று கேட்டேன், நிலா வெளிச்சம் என்றான், நம்பிவிட்டேன்.

இந்தப் பதிலைச் சாக்கு என்று தள்ளிவிடுவது சுலபம். நான் தள்ள மாட்டேன். இன்னும் பல நூறு கிலோமீட்டர் ஆழ்கடல் இருக்கிறது என்று கணக்கு சொல்லும்போது, முன்னால் வெள்ளையாக ஒன்று தெரிந்தால் மனம் அதை அலை உடையும் நுரையாக எடுத்துக்கொள்ளாது. கணக்கு சரியாக இருந்து அதே நுரையைப் பார்த்திருந்தால் யாகோப்ஸ் யாரையும் கேட்டிருக்க மாட்டார், சுக்கானைத் திருப்பச் சொல்லியிருப்பார். அவர் கவனக்குறைவானவர்தான், குடிகாரர்தான். ஆனால் அன்று அவர் கண் பார்த்தது. கணக்குதான் அதை மறுத்தது.

பீரங்கிகளைக் கடலில் தள்ளினார்கள், கப்பல் அசையவில்லை. நடுப் பாய்மரத்தை வெட்டினார்கள், அது விழுந்த விதத்தில் நிலைமை இன்னும் மோசமானது. நாற்பது பேர் அளவில் மூழ்கினார்கள். மற்றவர்களில் பெரும்பாலோரைப் பக்கத்துச் சிறு தீவுகளில் இறக்கினார்கள். புல்லும் பவளக் கல்லுமான தட்டைத் தீவுகள். நல்ல தண்ணீர் இல்லை.

மோதியதிலிருந்து 33 நாள்

பெல்சர்ட், யாகோப்ஸ், தேர்ந்த மாலுமிகள் என ஏறக்குறைய 48 பேர், ஒரு கைக்குழந்தை உட்பட, கப்பலின் பெரிய படகில் ஏறித் தண்ணீர் தேடிக் கண்டத்தின் கரைக்குப் போனார்கள். போகிறோம் என்று ஒரு கடிதம் எழுதி, ரொட்டிப் பீப்பாய் ஒன்றின் அடியில் வைத்துவிட்டுப் போனார்கள். தீவில் தங்கியவர்கள் படகு கண்ணைவிட்டு மறைவதைப் பார்த்து, அவர்கள் கிளம்பிய தீவுக்குத் துரோகிகள் தீவு என்று பெயர் வைத்தார்கள்.

அந்தப் படகுப் பயணத்தைக் கண்டுபிடிப்புப் பயணமாக யாரும் சேர்ப்பதில்லை. ஆனால் அந்தக் கரையை அதுவரை இவ்வளவு நெருக்கமாக, இவ்வளவு நாள் பார்த்துக்கொண்டே போன ஐரோப்பியர் வேறு யார்? செங்குத்தான பாறைச் சுவர். கீழே அலை இடைவிடாமல் மோதுகிறது. படகை ஒதுக்க ஓர் இடமில்லை. ஜூன் 14 அன்று சிலர் அலைக்குள் குதித்து நீந்திக் கரையேறினார்கள். தோண்டினார்கள், தண்ணீர் இல்லை. மறுநாள் பாறைக் குழிகளில் தேங்கியிருந்த மழைநீர் கொஞ்சம் கிடைத்தது. அந்த இடத்தில் நெருப்பு மூட்டிய சாம்பலும் நண்டு ஓடுகளும் கிடந்தன. அந்தக் குழிகளை அந்நாட்டு மக்கள் நன்றாகவே அறிந்திருந்தார்கள். நான்கு பேர் தவழ்ந்து நெருங்கி வந்ததையும், இவர்கள் எழுந்ததும் ஓடிவிட்டதையும் பெல்சர்ட் எழுதுகிறார். தூரத்தில் வீடுகள் போலத் தெரிந்தவை கறையான் புற்றுகள். ஈக்கள் வாயிலும் கண்ணிலும் மொய்த்துத் தள்ளமுடியவில்லை என்கிறார். ஆஸ்திரேலியாவின் மேற்கே போய்வந்த யாரும் இந்த வரியைச் சந்தேகிக்க மாட்டார்கள்.

தீவுகளுக்குத் திரும்ப எதிர்க்காற்று. தண்ணீரும் போதாது. ஜாவாவுக்கே போவதென்று முடிவெடுத்தார்கள். மோதிய 33-ஆம் நாள், ஜூலை 7 அன்று, பட்டாவியா நகரத்தை, அதாவது இன்றைய ஜகார்த்தாவை அடைந்தார்கள். மூடியில்லாத படகில் மூவாயிரம் கிலோமீட்டர் அளவு, ஒருவர்கூடச் சாகவில்லை. படகை ஓட்டிக்கொண்டுவந்தது யாகோப்ஸ். நகரத்தை அடைந்ததும் கவனக்குறைவுக்காக அவரைச் சிறையில் போட்டார்கள். லுக்ரேசியாவைத் தாக்கிய குற்றத்துக்காகப் படகில் வந்த யான் எவர்ட்ஸ் தூக்கிலிடப்பட்டார்.

கம்பெனியின் ஆளுநர் யான் பீட்டர்ஸோன் கூன் அப்போது ஜாவாவின் மாதரம் அரசுடனான போரின் நடுவே இருந்தார். இருந்தும் சார்டம் என்ற கப்பலைப் பெல்சர்ட்டிடம் கொடுத்து ஜூலை 15 அன்று அனுப்பினார். ஆட்களையும் பணத்தையும் மீட்டு வா என்பது உத்தரவு. வெள்ளியை எடுக்க முக்குளிப்பவர்களும் போனார்கள். அவர்களில் குஜராத்திகளும் இருந்தார்கள். வெள்ளி இல்லாமல் கம்பெனியின் ஆசிய வணிகமே ஓடாது. வெள்ளி கொடுத்துச் சோழமண்டலக் கரையில் துணி வாங்கி, அந்தத் துணியைக் கொடுத்துத் தீவுகளில் மிளகும் கிராம்பும் வாங்குவதுதான் அதன் முறை.

சார்டம் போய்ச் சேர்ந்தது செப்டம்பர் 17. இரண்டு மாதத்துக்கு மேல். அதில் பல வாரங்கள் அந்த வட்டாரத்திலேயே குறுக்கும் நெடுக்குமாகத் தேடியதில் போனது. மோதிய இடத்தின் அட்சரேகையாகப் பெல்சர்ட் குறித்தது 28 பாகையும் மூன்றில் ஒன்றும். உண்மையான இடம் இன்னும் சற்றுத் தெற்கே, 28 பாகை 30 நிமிடத்தை ஒட்டி. ஒரு பாகையில் ஆறில் ஒரு பங்குப் பிசகு, பதினெட்டு கிலோமீட்டர். கடல் மட்டத்தை ஒட்டிக் கிடக்கும் தாழ்ந்த தீவுகளைத் தேடும்போது அது போதும் கண்ணில் படாமல் போக. பாறை எங்கே என்று தெரியாமல் மோதியவர்கள், மோதிய பிறகும் அது எங்கே என்று தெரியாமல் தவித்தார்கள். இதற்கிடையே தீவில் ஆட்கள் செத்துக்கொண்டிருந்தார்கள்.

தீவுகளில்

தங்கியவர்களில் பதவியில் மூத்தவர் துணை வணிகர் யெரோனிமஸ் கொர்னேலிஸ். ஹார்லெமில் மருந்துக்கடை வைத்திருந்து நொடித்துப்போனவர். படகுகளையும் ஆயுதங்களையும் உணவையும் தன் கையில் எடுத்துக்கொண்டார். ஆட்களைப் பல தீவுகளுக்குப் பிரித்து அனுப்பினார். மீட்புக் கப்பல் வந்தால் அதைப் பிடித்துக் கடற்கொள்ளைக்குப் போவது அவர் திட்டம். அதற்கு ஆட்கள் குறைவாகவும் கட்டுப்பட்டவர்களாகவும் இருக்க வேண்டும். ஜூலையில் தொடங்கிய கொலைகளில் 115-க்கும் 125-க்கும் இடைப்பட்டவர்கள் இறந்தார்கள். ஆண்கள், பெண்கள், நோயாளிகள், குழந்தைகள். பாதிரியார் கைஸ்பர்ட் பாஸ்டியான்ஸின் மனைவியையும் பிள்ளைகள் பெரும்பாலோரையும் ஒரே இரவில் கொன்றார்கள். அதற்குமேல் விவரிக்க எனக்கு விருப்பமில்லை.

வீபே ஹேயஸைப் பற்றி விவரிக்க விருப்பம் உண்டு. அவர் சாதாரணப் படைவீரர். அவரையும் இருபது பேரையும் கொர்னேலிஸ் மேற்கே உள்ள பெரிய தீவுக்குத் தண்ணீர் தேடச் சொல்லி அனுப்பினார். அங்கே தண்ணீர் இருக்காது, தாகத்திலேயே போய்விடுவார்கள் என்பது நினைப்பு. ஹேயஸின் ஆட்கள் கிட்டத்தட்ட மூன்று வாரம் தேடினார்கள். சுண்ணாம்புக் கல் தரையில் ஓர் இடத்தில் கல்லைப் புரட்டியபோது கீழே நல்ல தண்ணீர் இருந்தது. தீவில் பறவைகளும் சிறு கங்காரு போன்ற விலங்குகளும் ஏராளம். சொன்னபடி புகை மூட்டிச் செய்தி சொன்னார்கள், பதில் வரவில்லை. பிறகு கொலைக்குத் தப்பி நீந்தியும் கட்டைகளில் மிதந்தும் வந்தவர்கள் செய்தி சொன்னார்கள். ஹேயஸ் தட்டைக் கற்களை அடுக்கி அரண் கட்டினார். பீப்பாய் இரும்பும் ஆணியும் வைத்து ஈட்டி செய்தார்கள். தாக்க வந்தவர்களை மீண்டும் மீண்டும் விரட்டி, செப்டம்பர் 2 அன்று பேச்சுவார்த்தைக்கு வந்த கொர்னேலிஸையே பிடித்துக் கட்டிப்போட்டார்கள். அந்தக் கல் அரண் இன்றும் நிற்கிறது. ஐரோப்பியர் ஆஸ்திரேலியாவில் கட்டியவற்றுள் மிகப் பழையது.

செப்டம்பர் 17 அன்று எஞ்சிய கலகக்காரர்கள் துப்பாக்கியோடு வந்து ஹேயஸின் ஆட்களைச் சுட்டுக்கொண்டிருந்தபோதுதான் சார்டத்தின் பாய் தெரிந்தது. இரு தரப்பும் கப்பலை நோக்கிப் படகு வலித்தன. ஹேயஸ் முந்திக்கொண்டு பெல்சர்ட்டை எச்சரித்தார். அவர் பிந்தியிருந்தால் சார்டமும் போயிருக்கும்.

விசாரணை அங்கேயே நடந்தது. அக்டோபர் 2 அன்று கொர்னேலிஸ் உட்பட ஏழு பேர் தூக்கிலிடப்பட்டார்கள். நமக்குத் தெரிந்த கதையில் பெரும்பகுதி பெல்சர்ட் எழுதிய குறிப்பேட்டிலிருந்தும் அந்த விசாரணைப் பதிவிலிருந்தும் வருவது. வாக்குமூலங்கள் சித்திரவதையின் கீழ் எடுத்தவை. எழுதியவருக்கோ கப்பலை இழந்ததற்கும் ஆட்களை விட்டுவந்ததற்கும் கம்பெனிக்குப் பதில் சொல்ல வேண்டிய நிலை. கொலைகள் நடந்ததில் சந்தேகமில்லை. எலும்புகள் சாட்சி சொல்கின்றன. ஆனால் கப்பல் மோதுவதற்கு முன்பே யாகோப்ஸ் கலகத்துக்குத் திட்டமிட்டார் என்பதை நான் எச்சரிக்கையோடுதான் படிப்பேன். அது உண்மையானால் பெல்சர்ட்டின் பொறுப்பு பாதியாகக் குறைகிறது.

நாணயப் பெட்டிகள் 12-இல் 10 மீட்கப்பட்டன. கம்பெனிச் சரக்கு எதையும் விடக்கூடாது என்ற கண்டிப்பில், கரையொதுங்கிய ஒரு காடி (வினிகர்) பீப்பாயை எடுத்துவர அனுப்பிய சிறு படகு திரும்பவே இல்லை. சார்டத்தின் தலைவர் உட்பட ஐந்து பேர் அதில் போனார்கள். ஒரு பீப்பாய்க் காடிக்கு ஐந்து உயிர். இந்த வழக்கில் எனக்கு மிகவும் ஆத்திரமூட்டும் சாவு இதுதான்.

வௌட்டர் லோஸ், யான் பெல்கிரோம் என்ற இருவருக்கு மட்டும் தண்டனை மாறியது. நவம்பர் 16 அன்று ஒரு சிறு படகும் மணிகளும் கத்திகளும் விளையாட்டுச் சாமான்களும் கொடுத்து, இன்றைய கல்பாரிக்கு அருகே கண்டத்தின் கரையில் இறக்கிவிட்டார்கள். அங்குள்ள மக்களோடு பழகு, பொன் வெள்ளி உண்டா பார், கப்பல்கள் வரும் மாதங்களில் கரையில் நின்று அடையாளம் காட்டு என்று எழுத்தில் கட்டளை. ஆஸ்திரேலியாவில் நிலையாகத் தங்கிய முதல் ஐரோப்பியர் இவர்களாக இருக்கலாம். 1644-இல் கம்பெனி தன் மாலுமி ஆபெல் டாஸ்மானுக்குக் கொடுத்த உத்தரவிலும் இவர்களைத் தேடச் சொல்லியிருக்கிறது. டாஸ்மான் அவ்வளவு தெற்கே வரவில்லை.

பாறைகள் நகர்ந்த கதை

பட்டாவியாவுக்கு ஏழு ஆண்டு முன், 1622-இல், டிரையல் என்ற ஆங்கிலக் கப்பல் இதே பாதையில் அளவுக்கு மீறிக் கிழக்கே வந்து, வடமேற்குக் கரைக்கு அப்பால் மூழ்கியது. தப்பிய தலைவர் ஜான் புரூக் தன் தவறை மறைக்க, பாறை உண்மையில் இருப்பதைவிட மேற்கே இருப்பதாக அறிக்கை கொடுத்தார். அந்தப் பொய் முந்நூறு ஆண்டு வரைபடங்களில் அலைந்தது. இல்லாத இடத்தில் இருந்த பாறையைத் தேடிக் கப்பல்கள் போயின. சரிபார்க்க வழியில்லாத உலகத்தில் ஒரு மனிதரின் பொய்யும் இன்னொருவரின் நேர்மையான பிழையும் வரைபடத்தில் ஒரே மாதிரிதான் தெரியும்.

பட்டாவியாவுக்குப் பிறகும் விபத்துகள் தொடர்ந்தன. 1656-இல் வெர்குல்டே டிராக் கப்பல் இன்றைய பெர்த்துக்கு வடக்கே மோதியது; 75 பேர் கரையேற, எழுவர் படகில் ஜாவா போய்ச் செய்தி சொன்னார்கள், மற்ற 68 பேரைத் தேடிப்போன கப்பல்கள் கண்டுபிடிக்கவில்லை. 1712-இல் ஸைட்டோர்ப். 1727-இல் ஸேவைக், அதே அப்ரோலோஸ் தீவுக்கூட்டத்தின் தெற்குப் பகுதியில். ஹௌட்மன் எழுதி 108 ஆண்டு கழித்து, அதே பெயருள்ள பாறைகளில்.

1840-இல் பீகிள் கப்பலில் வந்த ஆங்கில அளவையாளர்கள் அந்தத் தெற்குத் தீவுகளில் பழைய கப்பல் சிதைவுகளைக் கண்டு, அவை பட்டாவியாவினுடையவை என்று நினைத்தார்கள். உண்மையில் அவை ஸேவைக்கின் மிச்சங்கள். தெற்குத் தீவுக்கூட்டத்துக்குப் பெல்சர்ட்டின் பெயரை வைத்துவிட்டுப் போனார்கள்; இன்றும் அந்தப் பெயர்தான். பெல்சர்ட் கால் வைத்த தீவுகளோ வடக்கே வாலபி கூட்டத்தில் இருக்கின்றன.

இந்தக் குழப்பம் தீர உதவியவற்றில் பெல்சர்ட்டின் ஒரு குறிப்பும் உண்டு. 1629 நவம்பரில் கிளம்பும் முன் அவர் தீவிலிருந்த ஒரு விலங்கைப் பற்றி எழுதினார்: முயல் அளவு, தலை புனுகுப்பூனையைப் போல, முன்கால் விரல் நீளம்தான், பின்கால்கள் நீளம், அவற்றாலேயே நடக்கிறது, நீண்ட வால், வயிற்றில் ஒரு பை, பைக்குள் முலைக்காம்பைக் கவ்வியபடி அவரைக்காய் விதை அளவில் குட்டி. குட்டி அந்தக் காம்பிலிருந்தே முளைப்பதாக அவர் நினைத்தார். ஆஸ்திரேலியாவின் கங்காரு இனம் எதையும் பற்றிய முதல் ஐரோப்பிய வருணனை இது. அந்த விலங்கு டாமர் வாலபி. அப்ரோலோஸில் அது இயற்கையாக வாழ்வது கிழக்கு வாலபி, மேற்கு வாலபி என்ற இரண்டு தீவுகளில் மட்டும். குறிப்பேட்டை ஊன்றிப் படித்த ஹென்ரியட்டா டிரேக் பிராக்மன், விபத்து வடக்குக் கூட்டத்தில்தான் நடந்திருக்க வேண்டும் என்று வாதிட்டார். 1963-இல் மீனவர்களும் முக்குளிப்பவர்களுமாகச் சேர்ந்து மார்னிங் பாறைத்திட்டில் கப்பலைக் கண்டுபிடித்தார்கள். 1970-களில் மேற்கு ஆஸ்திரேலிய அருங்காட்சியகம் அகழ்ந்தெடுத்த பின்பகுதி ஃப்ரீமாண்டிலில் இருக்கிறது. பட்டாவியா கோட்டை வாசலுக்காக நெதர்லாந்திலிருந்து செதுக்கிக் கொண்டுபோன மணற்கல் வளைவு ஜெரால்டனில் நிற்கிறது.

கொலைகள் நடந்த பீக்கன் தீவில் அண்மை ஆண்டுகளில் தோண்டியபோது, அவசரமாகத் தள்ளிப் புதைத்த உடல்கள் அல்லாமல், வரிசையாக, மரியாதையோடு அடக்கம் செய்த உடல்களும் கிடைத்தன. கொலைகள் தொடங்கும் முன்பே, முதல் நாட்களில் தாகத்தாலும் நோயாலும் இறந்தவர்கள் அவர்கள் என்பது ஆய்வாளர்களின் கருத்து. பெல்சர்ட் தண்ணீர் தேடிப் படகில் போன அதே நாட்கள் அவை. தண்ணீரோ எட்டிப்பிடிக்கும் தூரத்தில், மேற்குத் தீவின் கற்களுக்கு அடியில் இருந்தது. படகு கண்டத்தை நோக்கிப் போகாமல் அந்தத் தீவை இன்னும் சில நாள் அலசியிருந்தால் தலைமை தீவிலேயே இருந்திருக்கும், கொர்னேலிஸுக்கு இடமே கிடைத்திருக்காது என்று வாதிடலாம். நான் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் யாராவது ஜாவாவுக்குப் போய்ச் சொல்லியிருக்காவிட்டால் ஹேயஸின் ஆட்களுக்கும் கப்பல் வந்திருக்காது. அந்த 340 பேரில் கடைசியில் நகரத்தை எட்டிய சுமார் 120 பேரில் யாரும் மிஞ்சியிருக்க மாட்டார்கள்.